கறுப்பு டேப்

டேஷ்போர்டில் ஒரு விளக்கின் மேல்
நகம் அளவுக்குக் கறுப்பு டேப்.
மஞ்சளாய் எரிந்துகொண்டே இருந்ததாம்,
ராத்திரியில் கண்ணைக் குத்தியதாம்.
ஒட்டியவர் சிட்டிபாபு,
எண்ணூர் துறைமுகத்துக்கும் மாதவரம் யார்டுக்கும்
நாற்பதடிப் பெட்டி இழுக்கிறவர்.
உரித்தேன். பசை விரலோடு வந்தது.
உள்ளே விளக்கு
இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

முந்தாநாள் முதல் மழை.
ஐந்து மாதம் காய்ந்த தாரில் தூறல் விழுந்தால்
டீசலும் கரித்தூளும் மணலிப் புகையின் படிவும்
மிதந்து மேலே வரும்.
அந்தப் பதினைந்து நிமிடம்
அது ரோடே இல்லை.
அப்போதுதான் எர்ணாவூரில் ஒரு ஷேர் ஆட்டோ,
யாரோ கை காட்டினார்கள் என்று,
நின்றது. நடுரோட்டில். அப்படியே.

மிதித்தார்.
முன்சக்கரம் சொன்னதைக் கேட்டது.
பின்னால் இடது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்க,
முதுகில் இருந்த இருபத்தைந்து டன் தள்ள,
வண்டி இடுப்பில் மடியப் பார்த்தது.
விட்டு மிதித்து, விட்டு மிதித்து,
இருபத்திரண்டு வருஷக் கால் அது,
ஆட்டோவுக்கு இரண்டு முழம் முன்னால்
கோணலாய் நிறுத்தினார்.
ஆட்டோக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.
பத்து ரூபாய்க்குச் சில்லறை இல்லையென்று
சவாரியோடு சண்டையாம்.

ஜாக்கி போட்டு, படுத்து, உள்ளே போனேன்.
சக்கரத்தின் குடத்தில் ஒரு இரும்பு வளையம்,
அதில் நூறு பல்.
எதிரே சுண்டுவிரல் தடிமனில் சென்சார்.
பல் கடக்கக் கடக்க எண்ணும்,
வேறு வேலை தெரியாது அதற்கு.
பேரிங் ஆடி ஆடி
அதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது,
ஒரு தீப்பெட்டி அட்டை நுழையும் இடைவெளி.
அவ்வளவு தள்ளிப் போனாலே
காது கேட்காது.

சுத்தியல் கூடாது. கையால் அழுத்தினேன்,
வளையத்தில் முட்டும்வரை.
இனி சுற்றும்போது தன் தூரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.
சக்கரத்தை மெல்ல உருட்டினேன்.
மீட்டரில் கால் வோல்ட் எழுந்தது.

"ஏம்மா, விட்டு விட்டுப் பிடிக்கிறது தானே?
அதைத்தான் நானும் பண்றேன்."
"பண்றீங்க. ஆனா உங்களுக்கு ஒரு கால்.
மிதிச்சா எல்லாத்துக்கும் மிதி, விட்டா எல்லாத்துக்கும் விடுதலை.
இது எந்தச் சக்கரம் சறுக்குதோ
அதோட காத்தை மட்டும் இறக்கும்.
செகண்டுக்கு நாலஞ்சு தடவை."

சீட்டுக்குக் கீழே இன்னொரு பெட்டியைக் காட்டினேன்.
ஸ்டியரிங் கேட்கிற திருப்பத்தையும்
உடம்பு திரும்புகிற திருப்பத்தையும் ஒத்துப்பார்க்கும்.
மதுரவாயல் பைபாஸ் இறக்கத்தில்
வேகம் கூடிப்போனால், உங்களைக் கேட்காமலே
ஆக்ஸிலேட்டரைக் குறைக்கும்,
வெளிப்பக்கத்துச் சக்கரத்தைப் பிடிக்கும்.
ஒரு காது போனால்
இதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

"அப்போ நான் எதுக்கு?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
பெட்டிக்குள் கிரானைட் கட்டியிருக்கிறதா
சும்மா அடுக்கியிருக்கிறதா, அதற்குத் தெரியாது.
ஆட்டோவையும் தெரியாது, கை காட்டுகிறவரையும்.
சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டார்.

யார்டில் தண்ணீர் லாரி ஒழுகிய இடம்.
"மிதிங்க. விடாதீங்க. என்ன ஆனாலும் விடாதீங்க."
மிதித்தார்.
ட்ஸ் ட்ஸ் ட்ஸ் என்று அடியில் காற்று தும்மியது.
பெடல் துடிக்கவில்லை; லாரியில் அது துடிக்காது,
காதுக்குத்தான் தெரியும்.
முழங்கால் இரண்டு தடவை எழப் பார்த்தது.
இடது கையால் அதை
அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நேராய் நின்றது வண்டி.
விளக்கு இருந்த இடம் இருட்டு.
சிட்டிபாபு குனிந்து, கண்ணைச் சுருக்கி,
அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் பின்னால் போனேன்.
ட்ரெய்லரின் ஏபிஎஸ் கேபிள்
செருகாமலே தொங்கிக்கொண்டிருந்தது.
சாக்கெட் நிறையக் குளவி கட்டிய மண்கூடு.
அது நாளைக்கு.